பச்சைத் திரைக்கு எத்தனை மார்க்

எங்கள் வீட்டுச் சாம்பாருக்கு முதன்முதலாக மார்க் போட்டவர் அவர்தான். பத்துக்கு ஆறரை. டெக்சாஸில் ரிச்சர்ட்சனுக்குக் குடிவந்த புதிது. ஊரின் மறுகோடியில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது என்று தெரிந்ததும் சந்தோஷப்பட்டு அங்கிளையும் ஆன்ட்டியையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். பாதி நாள் நின்று சமைத்தேன். அவர் சாம்பாரை ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டார். பரீட்சைத் தாள் திருத்துகிற வாத்தியாரின் நிதானத்தோடு நிமிர்ந்தார்.

"ஆறரை குடுக்கலாம் கண்ணு."

எனக்குச் சுருக்கென்றது. என் கணவர் சிரிப்பை அடக்க மோர் டம்ளரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். ஆன்ட்டி தலையில் அடித்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. இந்த ஊர் ஹோட்டல் சாம்பாருக்கே இவர் அஞ்சுதான் போட்டிருக்கார். எனக்கு நாப்பது வருஷமா ஏழு. ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல."

"எதோட கம்பேர் பண்ணிச் சொல்றோம்ங்கறதுதான் விஷயம்," என்று அவர் விளக்கம் கொடுத்தார். "நல்லா இருக்குன்னு சும்மா சொன்னா அதுக்கு அர்த்தமே இல்லீங்களே."

அதுதான் அவர். பக்கத்தில் இன்னொன்று இல்லாமல் அவரால் எதையும் பார்க்க முடியாது. இந்தியன் ஸ்டோரில் கொத்தமல்லிக் கட்டு இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னால் நிற்பவர்கள் பொறுமை இழக்கும் வரை பார்ப்பார். ஏர்போர்ட் போக ஃப்ரீவே நல்லதா, டோல் ரோடு நல்லதா என்று இரண்டிலும் போய்ப் பார்த்து ஆறு மாதம் குறிப்பெடுத்தார். இரண்டு கோயில் புளியோதரையை ஒரே நாளில் வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் அடுத்தடுத்து வைத்துச் சாப்பிட்டதை நானே பார்த்திருக்கிறேன். கழுத்தில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி. எதில் நன்றாகத் தெரிகிறது என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்.

"என்னைப் பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடி ரெண்டு பொண்ணு பாத்திருக்கார்," என்பார் ஆன்ட்டி. "எனக்கு எத்தன மார்க்குன்னு இன்னிக்கு வரைக்கும் வாயைத் திறக்கல." அங்கிள் கோபிசெட்டிபாளையத்துக்காரர், வெட்கம் வந்தால் காதைத் தடவிக்கொள்வார். அப்போதும் தடவிக்கொண்டார்.

நான் அவரை நன்றாகத் தெரிந்துகொண்டது என் மகளின் தமிழ்ப் பள்ளியால். சனிக்கிழமை இரண்டு மணி நேர வகுப்பு. மகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து திரும்பப் போவதற்குள் நேரம் சரியாகிவிடும். பள்ளிக்குப் பக்கத்தில்தான் அவர்கள் வீடு. "இங்க வந்து உக்காந்துட்டுப் போயேன்," என்றார் ஆன்ட்டி. போனேன். ஆனால் உட்கார்ந்தது ஆன்ட்டியோடு இல்லை, கராஜில்.

டெக்சாஸ் வெயிலில் கராஜ் என்றாலே அடுப்பு. அவருடைய கராஜில் மட்டும் ஏசி ஓடும். ஃபாரன்ஹீட் கணக்கில் வீட்டுக்குள்ளே எண்பது டிகிரி, கராஜில் எழுபது. ஆன்ட்டி வியர்த்துக்கொட்டச் சமைத்துவிட்டு, குழம்பு கொதிக்கிற நேரத்துக்குக் கராஜில் வந்து நின்றுவிட்டுப் போவார். ஏசிக்குக் காரணம், அங்கே வாழ்ந்த பதினேழு பழைய கம்ப்யூட்டர்கள். வீடுகளுக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்த காலத்தவை. டிவியில் மாட்டி ஓட்டுவது, கேசட்டிலிருந்து புரோகிராம் ஏற்றுவது என்று அந்தக் காலத்துச் சங்கதிகள். ரிட்டயர் ஆனவர்கள் வீட்டு வாசலில் போட்டு விற்பதையும், செத்துப்போனவர்கள் வீட்டில் ஏலம் விடுவதையும் தேடித் தேடி வாங்கியிருந்தார்.

கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டார். எல்லாவற்றுக்கும் அவரே பெயர் வைத்திருந்தார். பழுப்பு நிறத்தில் தடித்த கீபோர்டாக இருப்பது தடியன். பதினாறு நிறம் காட்டும். லண்டனிலிருந்து யாரோ கொண்டுவந்த, அழிரப்பர் போல மெத்தென்ற பட்டன்கள் வைத்த கறுப்புக் குட்டிக்கு ரப்பர் என்று பெயர். எட்டு நிறம், அதற்கென்று தனி டிவி, தனி டிரான்ஸ்ஃபார்மர். ஆபீஸ் மேஜைக்காகச் செய்த இரும்புப் பெட்டிதான் ஆபீசர். யானை விலை குதிரை விலை, படம் போட்டால் நாலே நிறம். கடைசியாக, பச்சை. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அதற்கு வேறு நிறமே கிடையாது.

ஒப்பிடுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். எல்லா மெஷினும் ஒரே படத்தைப் போட்டாக வேண்டும். தட்டில் ஒரு தக்காளி, ஒரு பச்சை மிளகாய், ஒரு கத்திரிக்காய், ஒரு மாம்பழம். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, ஒவ்வொரு மெஷினுக்கும் அதன் பாஷையில் புரோகிராம் எழுதி ஏற்றியிருந்தார். படத்துக்குப் பத்து, எழுத்தின் தெளிவுக்குப் பத்து, சத்தத்துக்குப் பத்து என்று மார்க். அந்தக் காலத்து விலையை நிறத்தின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு நிறத்துக்கு எத்தனை டாலர் என்று கண்டுபிடித்து அதற்கும் மார்க். கறுப்பை ஒரு நிறமாக எண்ணலாமா கூடாதா என்று நாங்கள் ஒரு சனிக்கிழமை முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். கூடாது என்பது என் கட்சி.

"கறுப்பில்லாம மத்த கலர எப்புடிப் பாப்ப?" என்று கேட்டு ஜெயித்துவிட்டார்.

ஆபீசரில் தக்காளி ரோஸாகவும் மிளகாய் ஆகாய நீலமாகவும் வரும். "இந்தத் தக்காளில ரசம் வெச்சா யார் அங்கிள் குடிப்பாங்க?" என்பேன். ரப்பரில் நிறம் நன்றாக இருக்கும், ஆனால் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இரண்டு நிறத்துக்கு மேல் வைக்க முடியாது என்பதால் தக்காளியின் சிவப்பு தட்டில் வழிந்து நிற்கும். தடியனில் மட்டும்தான் தக்காளி தக்காளியாக இருக்கும். பச்சையில் எல்லாமே பச்சை. மாம்பழத்தைப் புள்ளி நெருக்கத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இவ்வளவு மெனக்கெடுகிறவர், எந்தப் படத்தைப் போட்டாலும் என்னையே கேட்பார். தக்காளி செவப்பா இருக்கா? மிளகா எப்புடி, கரும்பச்சையா எளம்பச்சையா? என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் தடியனின் புரோகிராமில் ஏதோ எண்ணை மாற்றித் தட்டிவிட்டிருக்கிறார். படம் வந்தது. அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"என்ன அங்கிள், மிளகா பழுத்துடுச்சு, தக்காளி காயா நிக்குது?" என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. கராஜ் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"எனக்குச் செவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது கண்ணு. ரயில்வே வேலை கெடச்சு, மெடிக்கல்ல தள்ளிட்டாங்க. அப்பத்தான் எனக்கே தெரியும். அதுக்கப்புறம் யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்க ஆன்ட்டிக்குத் தெரியும்னு நெனக்கிறேன். அவளும் கேட்டதில்ல."

நிறம் தெரியாத மனிதர் கம்ப்யூட்டர்களின் நிறத்துக்கு மார்க் போடுகிறார். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றிலிருந்து கேட்காமலே சொல்ல ஆரம்பித்தேன். இது செங்கல் சிவப்பு அங்கிள், இது குங்குமம். அவர் குறித்துக்கொள்வார்.

எனக்கு ஆபீசில் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் எழுதும் புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிப்பது. அந்தப் புத்தி கராஜிலும் விடவில்லை. பதினேழு மெஷினில் பெரும்பாலானவற்றை ஒரு முறை ஒப்பிட்டு மார்க் போட்டு மூடி வைத்துவிடுவார். பச்சையையும் தடியனையும் மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை திரும்ப எடுத்து வைத்தார். ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி கூடும். சூடாவது எவ்வளவு, கீபோர்டில் விரல் வலிக்கிறதா, பத்து வயதுப் பிள்ளைக்குப் பிடிக்குமா. சில தடவை பச்சை நெருங்கி வரும். கடைசியில் தடியன்தான் ஜெயிக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஒரே டெஸ்ட்டை ஒருவர் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார் என்றால் வந்த விடை அவருக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இது எங்கள் ஆபீசில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

ஆன்ட்டிதான் விஷயத்தைச் சொன்னார். அவர்களுக்கு ஒரே பையன், முரளி. பத்து வயதில் பிறந்தநாளுக்குத் தடியன் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். இவர் நாலு மாதம் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். கடைக்காரன் தடியனையும் பச்சையையும் அடுத்தடுத்து வைத்துப் படம் போட்டுக் காட்டியிருக்கிறான். இவர் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எழுத்து பச்சையில் தெளிவாக இருந்தது, படிப்புக்கு நல்லது, விலையும் தோது என்று அதை வாங்கி வந்துவிட்டார்.

"அவன் மூஞ்சி போன போக்க நான் பாத்தேன்," என்றார் ஆன்ட்டி. "இவர் அன்னிக்குப் பாக்கல. அப்புறம் அவன் இன்ஜினியரிங் சேர்ந்து ரெண்டாவது வருஷம் விட்டுட்டு வந்தான் பாரு, அன்னிக்கு ஆரம்பிச்சார். நான் கலர் வாங்கிக் குடுத்திருந்தா அவனுக்குக் கம்ப்யூட்டர் பிடிச்சிருக்கும், இன்னிக்கு எங்கயோ இருந்திருப்பான்னு."

முரளி கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறான். சுற்றி இருப்பவர்களெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள், நடுவில் இவன் ஸ்கூல் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்வான். அப்பா எடுத்தால், "ஹாய் அப்பா, இஸ் அம்மா தேர்?" அவ்வளவுதான். அவர் போனை ஆன்ட்டியிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்பார். பேச்சு முடிகிற வரை நிற்பார். அந்தப் பச்சைத் திரையால்தான் பையன் கைவிட்டுப் போனான் என்று அவர் நம்பினார். அது தப்பான தேர்வா இல்லையா என்பதற்காகத்தான் பதினேழு கம்ப்யூட்டரும், கராஜ் ஏசியும், என் சனிக்கிழமைகளும்.

பாவமாக இருந்தது. அதே சமயம் அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் என் மகள் மேடையேறி ஐந்து நிமிடம் பேசினாள். அமெரிக்காவில் பிறந்த பிள்ளை, ழகரம் எல்லாம் சரியாக வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கீழே இறங்கி வந்தவளிடம் அவர் கை கொடுத்தார்.

"நல்லாப் பேசின கண்ணு. அந்த இன்னொரு பொண்ணு, மஞ்சப் பாவாடை, அதுக்கு எட்டு. உனக்கு ஏழு."

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் மகள் ஆங்கிலத்தில் கேட்டாள், அந்த அங்கிளுக்கு என்னைப் பிடிக்காதா என்று. பிடிக்கும், ரொம்பப் பிடிக்கும் என்றேன். அது உண்மையும்கூட. அவளுக்குப் பிடித்த பிஸ்கட்டை வாங்கி வைத்துக்கொண்டு சனிக்கிழமைக்காகக் காத்திருக்கிற மனிதர் அவர். ஆனால் அவள் நம்பவில்லை. பின்சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு வாரம் நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. மூன்றாவது வாரம் போனேன், ஒன்றும் சொல்லாமல். சொல்லியிருக்கலாம். பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

பிறகு அவருக்கு வயிற்றுவலி என்று ஆரம்பித்தது, கணையத்தில் கேன்சர் என்று முடிந்தது. இரண்டு டாக்டர்களைப் பார்த்தார். இரண்டு சிகிச்சைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கோடு போட்டு, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஒப்பிட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. இரண்டும் ஒரே எண்ணிக்கை மாதங்களைத்தான் கொடுத்தன.

"மேட்ச் டை ஆயிடுச்சு," என்றார். ஆன்ட்டி எழுந்து உள்ளே போய்விட்டார்.

முரளியை ஆன்ட்டி வரச் சொன்னார். வந்தான். ஒரு சனிக்கிழமை மத்தியானம். நாற்பதைத் தாண்டிய, காதோரம் நரைத்த மனிதன். அப்பாவைப் போலவே ஒல்லி. அவர் முதல் நாளே எனக்குப் போன் செய்து, பச்சையையும் தடியனையும் அடுத்தடுத்து வைத்துப் படம் ஏற்றி வைக்கச் சொல்லியிருந்தார். அவரால் குனிந்து ஒயர் மாட்ட முடியவில்லை. முதுகுக்குத் தலையணை வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு திரையில் சிவப்புத் தக்காளி, ஒன்றில் பச்சைத் தக்காளி. நான் கிளம்பப் பார்த்தேன். "இரு கண்ணு, நீதான் சாட்சி," என்றார்.

"முரளி, இதப் பாரு. உன் பர்த்டேக்கு நீ இந்தப் பழுப்பத்தான் கேட்ட. நான் அந்தப் பச்சைய வாங்கிக் குடுத்துட்டேன். இருவது வருஷமாக் கம்பேர் பண்ணிட்டேன். பழுப்புக்கு அறுபத்தொண்ணு, பச்சைக்கு முப்பத்தெட்டு. நான் வாங்கினது தப்பு. உன் வாழ்க்கையக் கெடுத்துட்டேன். அதுக்கு சாரி சொல்லத்தான் வரச் சொன்னேன்."

ஒரு அப்பா மகனிடம் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அன்று ஒருமுறைதான். முரளி இரண்டு திரைகளையும் பார்த்தான். பச்சையின் பக்கம் போய் கீபோர்டைத் தொட்டான். அவன் முகத்தில் சிரிப்பு வந்தது.

"இதுவா? இது எனக்கு ரொம்பப் பிடிக்குமே அப்பா," என்றான். அவன் பேசியதெல்லாம் ஆங்கிலம். தமிழ் கேட்டால் புரியும், பேசினால் நாலு வார்த்தைக்கு மேல் வராது. நினைவிருப்பதைத் தமிழில் எழுதுகிறேன். "இதில் நான் கதை எழுதுவேன். என் ஃபிரெண்டு வீட்டில் அந்தப் பழுப்பு இருந்தது. அதில் ஒரு வரிக்கு நாற்பது எழுத்துதான், வாக்கியம் உடைந்து உடைந்து போகும். இதில் எண்பது. ஸ்கூல் விட்டு வந்ததும் நீங்கள் வருகிற வரை எழுதுவேன். கலர் கேட்டேனா? எனக்கு ஞாபகமே இல்லை."

அவருக்கு மூச்சு வாங்கியது. சந்தோஷமா ஏமாற்றமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இருபது வருஷம் கட்டின கட்டடத்துக்கு அடியில் ஒன்றுமே இல்லை என்றால் யாருக்குத்தான் மூச்சு வாங்காது?

"அப்புறம் ஏன்?" என்றார். "அப்புறம் ஏன் என்னோட பேசறதில்ல நீ?"

முரளி அவரை நம்ப முடியாமல் பார்த்தான்.

"நிஜமாகவே உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று அவர் தலையசைத்தார்.

"கார்," என்றான். "ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டுக்காவது போய்விட்டுத் திரும்பி வருவோமே, அந்தக் கார். ஃப்ரீவேயில் ஏறியதும் அம்மாவிடம் ஆரம்பிப்பீர்கள். இந்தப் பையனுக்கு எட்டு. அந்தப் பெண்ணுக்கு ஒன்பது, பாட்டும் பாடுகிறாள். எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் நம்ம முரளி ஆறு என்பீர்கள். நல்ல நாளில் ஆறரை. ஒவ்வொரு வாரமும். நான் பின்சீட்டில் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். இந்த வாரம் ஏழு வருமா என்று காத்திருப்பேன். வரவே இல்லை. அப்புறம் காத்திருப்பதை விட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் எல்லாம் ஒரு காரணமே இல்லை அப்பா."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. பல வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு விபத்தைச் சொல்வது போலச் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை. எனக்கு என் மகளின் முகம் ஞாபகம் வந்து கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆன்ட்டி காபி கொண்டுவந்து வைத்தார். முரளி இன்னும் இரண்டு நாள் இருந்தான். அப்பாவும் பிள்ளையும் வெயிலைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள் என்று ஆன்ட்டி சொன்னார். அவன் ஊருக்குத் திரும்பிவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது அவர் படுக்கையில் இருந்தார். கராஜ் ஏசியை அணைக்கச் சொல்லிவிட்டாராம்.

"எங்க ஊர்ப்பக்கம் தன் புள்ளையத் தானே உசத்திப் பேச மாட்டாங்க கண்ணு. பெத்தவங்க கண்ணுதான் மொதல்ல படும்பாங்க. அதனால அவனுக்கு மட்டும் ரெண்டு மார்க் கொறச்சுத்தான் சொல்லுவேன். எப்பவும். எட்டரைன்னு மனசுல நெனைப்பேன், ஆறரைன்னு சொல்லுவேன். அவன் தூங்கறான்னு நெனச்சேன்."

"இத அவன்கிட்டச் சொல்லிட வேண்டியதுதானே அங்கிள்? இப்பவே போன் போடறேன்."

"போன்ல சொன்னா அழுதுருவேன்." தலையணைக்கு அடியிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். தமிழில் எழுதியிருந்தார். "ரெண்டு விதமா எழுதியிருக்கேன். ஒண்ணு சின்னது. ஒண்ணுல எல்லாத்தையும் விளக்கமா எழுதியிருக்கேன். எது நல்லாருக்குன்னு நீ மார்க் போட்டுச் சொல்லு. அவனுக்குத் தமிழ் படிக்க வராது. ஜெயிச்சத இங்கிலீஷ்ல மாத்தி அனுப்பிரு."

எதையாவது ஒன்றை அன்றைக்கே அனுப்பியிருக்க வேண்டும். இரண்டையுமே அனுப்பியிருக்க வேண்டும். நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அந்த வாரம் ஆபீசில் புது புரோகிராம் ரிலீஸ், மூச்சு விட நேரமில்லை. அது பாதிதான் காரணம். மீதி, நானும் உட்கார்ந்து ஒப்பிட்டேன். சின்னது நெஞ்சில் சுருக்கென்று தைத்தது, பெரியது நியாயமாக இருந்தது. சின்னதை மொழிபெயர்த்தால் பெரியது நல்லதாகத் தோன்றியது. பெரியதை ஆரம்பித்தால் சின்னதே போதும் போல இருந்தது. அவரோடு பழகி அவர் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது. சனிக்கிழமை போய் அவரிடமே கேட்டுவிடலாம் என்று வைத்திருந்தேன். வியாழக்கிழமை போய்விட்டார்.

அவர் போய் ஏழெட்டு வருஷம் ஆகிறது. அந்த ஐந்து நாட்களுக்காக நான் என்னை இன்னும் மன்னிக்கவில்லை. ஆன்ட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

எல்லாம் முடிந்த மறுநாள், அவர்கள் வீட்டு டிரைவ்வேயில் முரளி வாடகைக் காரில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது போனேன். இரண்டு தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன், என் தாமதத்தையும் சேர்த்து. காரின் முன்கதவைத் திறந்துவிட்டு, "படிங்க," என்றான். நான் உட்கார்ந்தேன். அவன் ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு நேரே பார்த்திருந்தான். சின்னதைப் படித்தேன், தமிழிலேயே.

"முரளி, காரில் நான் சொன்ன மார்க் எதுவும் நிஜம் இல்லை. கண் பட்டுவிடும் என்று பயந்து உனக்கு இரண்டு மார்க் குறைத்துச் சொன்னேன். நீ தூங்குகிறாய் என்று நினைத்தேன். விழித்திருக்கிறாய் என்று தெரிந்திருந்தால் காரை ஓரமாக நிறுத்திவிட்டு உண்மையைச் சொல்லியிருப்பேன். எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது பின்சீட்டில் நீதான் இருக்கிறாய் என்று ஒவ்வொரு வாரமும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பா."

முரளி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. நான் காத்திருந்தேன். அவன் நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு, மடியில் இருந்த மற்ற தாளை எடுத்தேன்.

"இது கொஞ்சம் பெருசு முரளி. இதுல இன்னும் விவரமா எழுதியிருக்கார். இதையும் கேட்டுட்டு, எது..."

"வேண்டாம்," என்றான். என் கையிலிருந்த தாளை மெதுவாக என் மடியில் தாழ்த்தினான். அவனுக்குத் தெரிந்த தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னான்.

"அதையே... இன்னொரு வாட்டி... படிங்க."

அதையே மறுபடியும் படித்தேன்.